பொதுப்பண்ட விளையாட்டுத் தரவு: 640 வரிசையா, 16 குழுவா?

மாலைவகுப்பு:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு பொதுப்பண்ட விளையாட்டு நடத்தி முடித்திருக்கிறேன். கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேர் ஒரு குழு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு 20 புள்ளி. அதில் விரும்பியதைப் பொதுக் கணக்கில் போடலாம், மிச்சம் அவரவருக்கு. பொதுக் கணக்கில் விழும் ஒவ்வொரு புள்ளிக்கும் நால்வருக்கும் தலா 0.4 கிடைக்கும். எல்லாரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு 32. யாருமே போடாவிட்டால் 20. மற்ற மூவர் முழுசாகப் போட்டு நான் மட்டும் கையை மடக்கிக்கொண்டால் எனக்கு 44, அவர்களுக்குத் தலா 24. சிக்கல் அதுதான்.

மொத்தம் 16 குழு. எட்டுக் குழுவில் சுற்று முடிந்ததும் மற்றவர்களுக்குத் தண்டனைப் புள்ளி கொடுக்கலாம், எட்டில் முடியாது. 10 சுற்று, குழு கடைசிவரை மாறவில்லை. 64 பேர், ஆளுக்கு 10 முடிவு, ஆக 640 வரிசை.

நெறியாளர், "ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சராசரி எடுத்து 8க்கு 8 மான்–விட்னி சோதனை (எண்களை வரிசைப்படுத்தி இடங்களை ஒப்பிடும் சோதனை) போடு, போதும்" என்கிறார். கூடப் படிப்பவரோ, "640 பதிவை 16 ஆகச் சுருக்குவது பாவம், பேனல் ரெக்ரெஷன் (ஒரே ஆளின் பல சுற்றுப் பதிவுகளையும் சேர்த்துப் பொருத்துவது) போடு, டோபிட் (எல்லையில் குவியும் தரவுக்கான ரெக்ரெஷன்) போடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எண்சுவடி:
நெறியாளர் பேச்சை. குறைந்தபட்சம் ஆரம்பத்துக்காவது.

முதல் சுற்றில் மட்டும்தான் உங்களிடம் 64 தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. யாரும் யாரையும் பார்க்காமல் எடுத்த முடிவுகள் அவை. இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொருவரும் மற்ற மூவர் போட்டதைப் பார்த்துவிட்டுப் போடுகிறார். ஒரு குழுவில் முதல் சுற்றிலேயே ஒருவர் பூஜ்யம் போட்டால், அந்தப் பூஜ்யத்தின் நிழல் பத்தாம் சுற்றுவரை மூவர் மேலும் விழும். அந்தக் குழுவின் 40 எண்களும் ஒரே கதையின் 40 வரிகள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் இல்லையா? ஒரே பானையில் 40 சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் ஒரு பானையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது 16 பானை.

எவ்வளவு கெடுகிறது என்று கணக்காகவே சொல்லலாம். ஒரு குழுவுக்குள் பதிவுகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவு (சேர்ந்து நகரும் அளவு) ரோ என்றும், ஒரு குழுவில் 'ம' பதிவுகள் என்றும் வைத்துக்கொள்வோம். சராசரியின் பரவற்படி (வேரியன்ஸ்) 1 + (ம − 1) × ரோ மடங்கு பெருக்கும். உங்களுக்கு ம = 40. ரோ 0.4 என்று வைத்தால் 1 + 39 × 0.4 = 16.6. உங்கள் 640 வரிசையின் உண்மையான எடை 640 / 16.6, ஏறத்தாழ 39 பதிவு. சாதாரண ரெக்ரெஷன் இதைக் கவனிக்காமல் 640ஐ வைத்தே திட்டப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்னும் அளவை) கணக்கிடும். திட்டப்பிழை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி வரும். அப்புறம் எதைப் போட்டாலும் அட்டவணையில் 'தற்செயல் இல்லை' என்னும் நட்சத்திரம்தான்.

8க்கு 8 என்பது பயப்படவேண்டிய எண்ணும் இல்லை. 16 குழுவை எட்டெட்டாகப் பிரிக்க 12,870 வழி உண்டு. தண்டனைக் குழு எட்டும் மற்ற எட்டையும் விட மேலே இருந்துவிட்டால் இருபக்கச் சோதனையில் பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோது தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 2/12,870, அதாவது 0.00016க்குக் கீழே. 3க்கு 3 வைத்திருப்பவர்கள்தான் பாவம். அங்கே மொத்தமே 20 வழி, எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் இருபக்க பி மதிப்பு 0.1க்குக் கீழே இறங்காது. ஒரே குழுவைத் தண்டனை இல்லாமலும் தண்டனையோடும் ஆடவிட்டு வில்காக்சன் குறித்தரச் சோதனை போடுபவர்களுக்கும் இதே கதை: ஐந்து குழு என்றால் 0.0625தான் அடிமட்டம், ஆறு இருந்தால்தான் வழக்கமான 0.05 வரம்புக்குக் கீழே இறங்கவே முடியும். ஆட்களைக் கூப்பிடும் முன்பே போடவேண்டிய கணக்கு இது. பலர் முடிந்த பிறகுதான் போடுகிறார்கள்.

கொங்குக் கணக்கன்:
எண்சுவடி சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றில் மட்டும் சண்டை போடுகிறேன்.

சராசரி எடுத்தால் காலம் காணாமல் போகிறது. இந்த விளையாட்டில் சுவாரசியமே காலம்தான். தண்டனை இல்லாத ஆட்டத்தில் மக்கள் கையிருப்பில் பாதிக்குப் பக்கமாகப் போட்டுத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று இறங்கிக்கொண்டே போவார்கள். நாற்பது வருடமாக எந்த ஊரில் ஆடினாலும் பெரும்பாலும் இதே சரிவுதான். எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கெக்டரும் 2000இல் வெளியிட்ட கட்டுரை பேசப்பட்டதற்குக் காரணம், தண்டனை வந்ததும் அந்தச் சரிவு நின்றுபோனது. மேலே ஏறக்கூடச் செய்தது. இப்போது ஒரு குழு 16இல் தொடங்கி 4க்கு இறங்குகிறது, இன்னொன்று 4இல் தொடங்கி 16க்கு ஏறுகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் சராசரி 10. மான்–விட்னி இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

அந்தச் சோதனை பற்றி இன்னொன்று. அது இடைநிலை அளவுகளை ஒப்பிடுகிறது என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். இரண்டு பரவல்களும் ஒரே வடிவத்தில் இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். தண்டனை வந்தால் வடிவமே மாறும்: சில குழு உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், சில குழு சண்டையில் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில், ஒரே வடிவம் கேட்காத ப்ரூனர்–முன்செல் சோதனை பொருத்தம்.

நானாக இருந்தால் பல அடுக்கு மாதிரிதான் (மாடல்) போடுவேன். சுற்று ஆளுக்குள், ஆள் குழுவுக்குள். குழுவுக்கு ஒரு தொடக்கப்புள்ளி, ஒரு சரிவு, இரண்டுமே சமவாய்ப்பு மாறிகள். தண்டனையும் சுற்று எண்ணும் சேர்ந்த பெருக்கல் உறுப்புதான் (தண்டனை சரிவை எவ்வளவு மாற்றியது என்பது) உங்கள் கேள்விக்கு விடை.

எண்சுவடி:
அந்தப் பெருக்கல் உறுப்பின் திட்டப்பிழைக்குப் பின்னால் இருப்பதும் அதே 16 குழுதான், கணக்கரே. மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் குழு கூடாது. சரிவுதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நேர்கோடு பொருத்தி, 16 சரிவு எண்களை எடுத்து, அதே 8க்கு 8 சோதனையை அதில் போடலாமே. காலமும் போகாது, 16உம் போகாது.

கொங்குக் கணக்கன்:
போடலாம். ஆனால் பாலினம், வயது, எதிர்பார்ப்பு எல்லாம் ஆள் மட்டத்தில் இருக்கிறதே, அதையெல்லாம் எங்கே வைப்பது? குழுச் சராசரியில் ஆள் கரைந்துபோகிறார்.

ஆய்வகப் பூனை:
இரண்டு பேருமே சரி. வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். "தண்டனை வேலை செய்ததா?" என்பதற்குக் குழுச் சராசரியும் எளிய சோதனையும் முதல் அட்டவணை. "எப்படி வேலை செய்தது?" என்பதற்கு ரெக்ரெஷன் இரண்டாம் அட்டவணை. முதல் அட்டவணையில் இல்லாத விளைவு இரண்டாவதில் மட்டும் திடீரென்று முளைத்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ரெக்ரெஷன் போடும்போது குழு வாரியாக க்ளஸ்டர் செய்த (ஒரு குழுவின் பதிவுகளை ஒரே கொத்தாகக் கருதும்) திட்டப்பிழை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. க்ளஸ்டர் குறைவாக இருந்தால் அந்தத் திட்டப்பிழையே சின்னதாக வரும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 16 குறைவுதான். காமரன், கெல்பாக், மில்லர் மூவரும் 2008இல் இதற்காகவே வைல்ட் க்ளஸ்டர் பூட்ஸ்ட்ராப் முறையைப் பரிசோதித்து எழுதினார்கள். ஒவ்வொரு க்ளஸ்டரின் எச்சங்களையும் (மாதிரி விளக்காமல் விட்ட மிச்சங்களையும்) மொத்தமாக +1 அல்லது −1ஆல் பெருக்கிப் புதுத் தரவு உண்டாக்குவது அதன் அடிப்படை. 16 க்ளஸ்டருக்கு 65,536 குறி அமைப்புகள் கிடைக்கும், தாராளம். ஆறே க்ளஸ்டர் வைத்திருந்தால் 64தான், பி மதிப்பு படிப்படியாகக் குதிக்கும். அங்கே +1, −1க்குப் பதிலாக வெப் என்பவரின் ஆறு மதிப்புள்ள எடைகள் உதவும்.

இன்னொரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. சுற்றுக்குச் சுற்று குழுவைக் கலைத்துப் போடும் வடிவமைப்பில் குழு என்பது தனி அலகே இல்லை. இன்று என்னோடு ஆடியவர் நாளை உங்களோடு ஆடுவார், கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வருவார். அங்கே யாருக்குள் கலைக்கிறீர்களோ அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே அலகு. ஃபேரும் கெக்டரும் 2002இல் 240 பேரை வைத்து நடத்திய சோதனையில் ஒருவரை ஒருவர் இரண்டாம் தடவை சந்திக்காதபடி அமைத்திருந்தார்கள். பழிவாங்கல், நற்பெயர் எல்லாவற்றையும் வடிவமைப்பே அடைத்துவிட்டது. ஆனால் மனநிலை ஆள் மாறி ஆள் தொற்றுவதை எந்த வடிவமைப்பும் முழுசாக அடைக்காது.

வடகரை:
பொருளாதாரம் படித்தவன் இல்லை, ஆர்வக்கோளாறில் ஒரு கேள்வி. பதினாறு ஊரில் இதே விளையாட்டை நடத்திய ஒரு ஆராய்ச்சி உண்டே, நல்லவனையே தண்டிப்பார்கள் என்று வந்ததே. அங்கே எண்ணிக்கை எவ்வளவு?

ஆய்வகப் பூனை:
ஹெர்மன், ட்யோனி, கெக்டர், 2008. பாஸ்டன், நாட்டிங்ஹாம், சமாரா, செங்டு, ஏதென்ஸ், மஸ்கட் என்று 16 ஊர், 1,120 பேர். இவர் சொல்லும் அதே விதிகள்: நால்வர், 20 புள்ளி, 0.4, 10 சுற்று. ஒரு புள்ளி செலவழித்தால் எதிராளிக்கு மூன்று போகும். அதிகம் போட்டவரையே தண்டிக்கும் பழக்கம் சில ஊர்களில், குறிப்பாக மஸ்கட்டிலும் ஏதென்ஸிலும், கணிசமாக இருந்தது. பாஸ்டன் பக்கம் மிகக் குறைவு.

உங்கள் கேள்வி உண்மையில் நல்ல கேள்வி. "தண்டனை ஒத்துழைப்பைக் கூட்டியதா?" என்று கேட்டால் ஒவ்வொரு குழுவும் ஓர் அலகு. "சட்டத்தின் ஆட்சி பலவீனமான நாட்டில் நல்லவரைத் தண்டிப்பது கூடுதலா?" என்று கேட்டால், அந்த மாறி ஓர் ஊருக்குள் மாறுவதே இல்லை. அந்தக் கேள்விக்கு எண்ணிக்கை அதிகபட்சம் 16தான், 1,120 இல்லை. 16 புள்ளிகள் உள்ள ஒரு படத்தைப் பார்க்கிறோம் என்ற நினைப்போடுதான் அதை வாசிக்கவேண்டும். ஒரே தரவுதான், கேள்விக்குக் கேள்வி அலகு மாறுகிறது.

மாலைவகுப்பு:
நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. டோபிட் பற்றி யாரும் சொல்லவில்லையே? 0இலும் 20இலும் ஏகப்பட்ட பதிவு குவிந்திருக்கிறது. இந்தத் துறையில் எல்லாரும் டோபிட் போடுவதாகத்தான் தெரிகிறது.

எண்சுவடி:
போடுகிறார்கள். பழக்கதோஷம்.

ஜேம்ஸ் டோபின் 1958இல் அதைக் கொண்டுவந்தது நீடித்து உழைக்கும் பொருள்களுக்குக் குடும்பங்கள் செய்யும் செலவை ஆராய. பல குடும்பங்களில் அந்த வருடம் செலவு பூஜ்யம். டோபிட்டின் கற்பனை இது: உள்ளே ஒரு மறைவான விருப்ப அளவு இருக்கிறது, அது மைனசுக்குப் போனால் நமக்குப் பூஜ்யமாகத் தெரிகிறது. பொதுக் கணக்கில் பூஜ்யம் போட்டவர் மனசுக்குள் "மைனஸ் 7 போட்டிருப்பேன்" என்றா நினைக்கிறார்? அவர் ஓசியில் ஆடுவது என்று முடிவெடுத்துவிட்டார், அவ்வளவுதான். பக்கத்து விளையாட்டில் ஒரு சான்று உண்டு. ஒருவர் கையில் காசைக் கொடுத்து "விரும்பினால் மற்றவருக்குக் கொடு" என்னும் விளையாட்டில், எதிராளியிடமிருந்து எடுக்கவும் செய்யலாம் என்ற விதியை லிஸ்ட் 2007இலும் பார்ட்ஸ்லி 2008இலும் சேர்த்துப் பார்த்தார்கள். கொடுப்பதே குறைந்துபோனது. பூஜ்யத்துக்குக் கீழே கதவைத் திறந்தால் மேலே இருப்பவர்களின் நடத்தையும் மாறுகிறது என்றால், மறைவான விருப்ப அளவு என்று ஒன்று அசையாமல் உள்ளே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, டோபிட் கெழுவை (ரெக்ரெஷன் தரும் விளைவு எண்ணை) அப்படியே "தண்டனை சராசரியை 6 புள்ளி கூட்டியது" என்று எழுதக்கூடாது. அது அந்த மறைவான அளவின் மேல் உள்ள விளைவு. பிழையின் பரவற்படி தண்டனை உள்ள பக்கமும் இல்லாத பக்கமும் சமமாக இல்லாவிட்டால் கெழுவே தப்பாகும். சராசரி விளைவு மட்டும் வேண்டுமென்றால் சாதாரண நேர்கோட்டு ரெக்ரெஷன் போதும். போடுவதா வேண்டாமா என்பது ஒரு முடிவு, எவ்வளவு என்பது இன்னொரு முடிவு என்று நினைத்தால் க்ராக் 1971இல் சொன்ன தடைதாண்டும் மாதிரி இருக்கிறது.

கொங்குக் கணக்கன்:
இதில் முழு ஒப்புதல். இன்னும் ஒரு படி போவேன்: முதலில் படம் வரையுங்கள். 0, 10, 20 மூன்றிலும் மூன்று கோபுரம் நிற்கும். சராசரி 10 என்று அட்டவணையில் எழுதுவீர்கள், பாதிப் பேர் 0 போட்டு பாதிப் பேர் 20 போட்டதாலும் அந்தப் பத்து வந்திருக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சின்னப் படம், 16 படம் ஒரே பக்கத்தில். நான் பார்த்த எந்த மாதிரியையும்விட அந்தப் பக்கம் அதிகம் பேசும்.

மட்டுறுத்துநர்:
எந்த மென்பொருள், ஸ்டாட்டாவா ஆர் மொழியா என்ற ஒன்பது பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

மாலைவகுப்பு:
அடுத்த கேள்வி. நிபந்தனை ஒத்துழைப்பைக் காட்ட விரும்புகிறேன், அதாவது மற்றவர் போட்டால் நானும் போடுவேன் என்கிற ஆள்கள். ஒருவர் போட்டதை, அதே குழுவில் மற்ற மூவரின் சராசரி மேல் ரெக்ரெஷன் போட்டால் போதுமா? குழுவுக்கும் சுற்றுக்கும் நிலைவிளைவு (ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மாறாத எண்) சேர்த்துவிடுவேன்.

ஆய்வகப் பூனை:
நில்லுங்கள், அதைச் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு குழுவின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி நிலைவிளைவு சேர்த்து, அதே சுற்றில் மற்ற மூவரின் சராசரியையும் வலப்பக்கம் வைத்தால் கெழு சரியாக −3 வரும். உங்கள் தரவில் மட்டுமில்லை, யார் தரவிலும், கண்ணை மூடிக்கொண்டு எண்களைத் தட்டினாலும்கூட. ஒருவர் குழுச் சராசரியைவிட 6 புள்ளி மேலே என்றால், அவரை விட்டுவிட்டு மற்ற மூவரின் சராசரி 2 புள்ளி கீழே போகும். 6ஐ −2ஆல் வகுத்தால் −3. நடத்தையே இல்லாத வெறும் கூட்டல் கழித்தல். குழுவுக்குத் தனியாகவும் சுற்றுக்குத் தனியாகவும் நிலைவிளைவு வைத்தால் இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது, ஆனால் அதே இழுப்பு உள்ளே இருக்கும். மக்கள் ஒருவருக்கொருவர் எதிராக நடக்கிறார்கள் என்று அதற்கு விளக்கம் எழுதியும் வைத்துவிடலாம், அதுதான் ஆபத்து.

நிலைவிளைவை எடுத்துவிட்டால் மான்ஸ்கி 1993இல் சொன்ன பிரதிபலிப்புச் சிக்கல்: நான் உங்களைப் பார்த்து மாறினேனா, நீங்கள் என்னைப் பார்த்தா, இல்லை இருவரும் ஒரே காரணத்தாலா? போன சுற்றின் சராசரியை வைப்பது பரவாயில்லை, ஆனால் அந்தச் சராசரியிலும் அதற்கு முந்தைய சுற்றில் நீங்கள் போட்டதன் எதிரொலி இருக்கிறது. கூடவே அவரவரின் போன சுற்றையும் ஆள் நிலைவிளைவையும் சேர்த்தால் நிக்கல் 1981இல் காட்டிய சாய்வு (கெழு ஒரு பக்கமாகவே தப்புவது) வரும். சுற்றுகளின் எண்ணிக்கை கூடினால் அது தேயும். 10 சுற்றில் தேயாது.

இதற்கு வழி புள்ளியியலில் இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது. ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபேர் மூவரும் 2001இல் 44 பேரிடம் ஒரு அட்டவணை கொடுத்தார்கள். மற்றவர் சராசரி 0 என்றால் எவ்வளவு போடுவாய், 1 என்றால், 2 என்றால், இப்படி 20 வரை. ஒவ்வொருவரும் ஒரு முழுக் கோட்டையே கொடுத்துவிடுகிறார், பிரதிபலிப்பு வெட்டுப்பட்டுப் போகிறது. பாதிப் பேர் நிபந்தனை ஒத்துழைப்பாளர், ஏறத்தாழ 30 சதவீதம் சுத்த ஓசிக்காரர், 14 சதவீதம் பாதிவரை ஏறிப் பிறகு இறங்கும் கூம்பு வகை. 2010இல் ஃபிஷ்பாகரும் கெக்டரும் அதே முறையை 140 பேரிடம் நீட்டி, எதிர்பார்ப்பையும் கேட்டு வாங்கினார்கள். நிபந்தனை ஒத்துழைப்பாளர்களும் மற்றவர் போட்டதைவிடக் கொஞ்சம் குறைத்தே போடுகிறார்கள், சரிவுக்கு அதுவே போதும், ஓசிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லவேண்டியதில்லை என்று வந்தது.

அந்த அட்டவணையை நீங்கள் வாங்கவில்லை என்றால் இந்தத் தரவில் நிபந்தனை ஒத்துழைப்பை நிரூபிக்கப் பார்க்காதீர்கள். ஒத்துப்போகிறது என்று எழுதலாம்.

மாலைவகுப்பு:
வாங்கவில்லை. அந்த அத்தியாயத்தின் தலைப்பை மாற்றிவிடுகிறேன். தண்டனைப் புள்ளிகளை எப்படிப் பார்ப்பது? யார் யாரைத் தண்டித்தார் என்று எட்டுக் குழுவுக்கு 960 வரிசை இருக்கிறது, பெரும்பாலும் பூஜ்யம்.

கொங்குக் கணக்கன்:
தண்டிக்கப்பட்டவர் மற்றவர்களைவிடக் கீழே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று இரண்டு தனி மாறிகளாக வையுங்கள். ஒரே வித்தியாச மாறி வைத்தால் ஓசிக்காரரைத் தண்டிப்பதும் நல்லவரைத் தண்டிப்பதும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். தண்டித்தாரா இல்லையா என்பதை ஒரு மாதிரியில், எவ்வளவு என்பதை இன்னொன்றில். இங்கே க்ளஸ்டர் 16கூட இல்லை, 8. ஆள் வாரியாக க்ளஸ்டர் செய்து 32 ஆக்கிக்கொள்ளலாமா என்று ஒரு ஆசை வரும்.

எண்சுவடி:
வரும். விடக்கூடாது.

எல்லாரும் ஊக்கப்படுத்தும்போது நான் ஒரு கசப்பு மருந்தும் தருகிறேன். 8க்கு 8இல் 80 சதவீதத் திறனோடு (பத்தில் எட்டுத் தடவை) பிடிபடும் விளைவு, குழுச் சராசரிகளின் திட்ட விலக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு. அதற்குக் கீழே இருப்பது உண்மையிலேயே இருந்தாலும் தப்பிப்போக வாய்ப்பு அதிகம். தண்டனையின் விளைவு பொதுவாகப் பெரியது, ஆகவே மாட்டும். ஆனால் "தண்டனை பெண்கள் அதிகமுள்ள குழுக்களில் கூடுதலாக வேலை செய்கிறது" போன்ற கிளைக் கேள்விகளை இந்த 16 குழு தாங்காது. பி மதிப்பு 0.04 என்று ஒன்று கிடைத்தாலும் அதன் அளவு ஊதிப் பெருத்ததாகத்தான் இருக்கும். 2016இல் காமரர் குழுவினர் முன்னணி இதழ்களில் வந்த 18 ஆய்வகப் பொருளாதாரச் சோதனைகளைத் திரும்ப நடத்தினார்கள். 11இல் முடிவு நின்றது. விளைவின் அளவு சராசரியாக மூலத்தில் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான். மற்ற துறைகளைப் பார்க்க இது கௌரவமான மதிப்பெண், ஆனாலும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாலைவகுப்பு:
கடைசியாக ஒன்று. குழு மாறவில்லை, 640 வரிசை என்று முழுக்கணக்காகச் சொன்னேனே, அதில் ஒரு ஓட்டை உண்டு. தண்டனை இல்லாத ஒரு குழுவில் ஏழாம் சுற்றில் ஒரு மாணவருக்கு உடம்பு சரியில்லாமல் கிளம்பிவிட்டார். மீதி மூவரும் மூவராகவே முடித்தார்கள். அந்த மூன்று பேரின் தரவை 7 முதல் 10 வரை வைத்துக்கொள்ளலாமா?

ஆய்வகப் பூனை:
மூவரானதும் விளையாட்டே வேறு. 0.4ஐ மூன்றால் பெருக்கினால் 1.2தான், 1.6 இல்லை. ஒத்துழைப்பதன் லாபம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஏழாம் சுற்றிலிருந்து அந்தக் குழுவை வெளியே எடுங்கள், மூவரையும் சேர்த்து.

எண்சுவடி:
எல்லாக் குழுவுக்கும் 1 முதல் 6 வரை மட்டும் எடுத்த சராசரியில் 8க்கு 8 ஒரு தடவை. அந்தக் குழுவை முழுசாக விட்டுவிட்டு 10 சுற்றும் சேர்த்து 8க்கு 7 ஒரு தடவை. இரண்டையும் அச்சிடுங்கள். 8க்கு 7க்கு 6,435 வழி இருக்கிறது, போதும்.